பொருள்வயிற் பிரிவும் பீங்கான் தட்டும்

1

நெடுநல்வாடையில் ஒரு விளக்கு வருகிறது. யவனர் செய்த பாவை, அது ஏந்தி நிற்கும் அகல், அகல் நிறைய நெய். பாண்டியன் அரண்மனையில் எரியும் இந்த விளக்கைப் பற்றி எம்.ஏ. தமிழ் வகுப்பில் எங்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் ஒரே விஷயம்தான்: அந்தக் காலத்திலேயே ரோமாபுரியோடு நமக்கு வணிகம் இருந்தது. தேர்வில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி. வைகை கடலில் சேரும் பக்கத்து அழகன்குளத்தில் ரோமானிய நாணயங்களும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்த பிறகு இந்தப் பெருமிதத்துக்குச் சான்றும் வாய்த்துவிட்டது. ஆனால் பாட்டை நிதானமாகப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். அந்த அரண்மனையில் கணவன் இல்லை. அவன் பாசறையில் இருக்கிறான். தந்தக் கால் கட்டிலில் அரசி தூங்காமல் கிடக்கிறாள். தூரதேசத்துப் பொருள் வீட்டுக்குள் எரிகிறது, வீட்டுக்காரன் தூரத்தில் இருக்கிறான். பொருளின் வருகையும் ஆளின் இன்மையும் ஒரே கூரைக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. நமது இலக்கிய வரலாறு முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை உரைகாரர்களிடம் விட்டுவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டிய அவசியம் சங்கப் பாட்டோடு முடிந்துவிடவில்லை. மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் தாண்டிக் கிழக்கே போனால் வானம் பார்த்த செம்மண் பூமியில் காரைக்குடியைச் சுற்றி எழுபத்துச் சொச்சம் ஊர்கள் இருக்கின்றன. நாட்டுக்கோட்டை நகரத்தார்களின் ஊர்கள். ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீடுகள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஐரோப்பியச் சரவிளக்கு. உள்கட்டு அறைகளில் அடுக்கடுக்காகச் சுவீடன், ஆஸ்திரிய, செக் நாட்டு எனாமல் பாத்திரங்கள், பீங்கான் ஜாடிகள், பொம்மைகள். இன்றைக்கு இதையெல்லாம் ‘செட்டிநாட்டுப் பாரம்பரியம்’ என்ற ஒற்றைச் சொல்லில் கட்டிவிடுகிறார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் ஏறியிருக்கின்றன. பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு சுரங்கம்.

நான் சொல்ல வருவது இதுதான். செட்டிநாட்டு வீடுகளில் இருந்தவை சேகரிப்புகள் அல்ல. சேகரிப்பாளன் கைக்கு வந்த பிறகுதான் அவை சேகரிப்புப் பொருளாகின்றன. அப்படி ஆகும்போது அவற்றின் வரலாறு கழன்று விழுகிறது. கழன்று விழுந்தது என்ன என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

சேகரிப்பு என்றால் என்ன? ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளலாம். 1949இல் இறந்த மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான், தன் வாழ்நாளெல்லாம் வாங்கிக் குவித்தவை அங்கே பெரும்பகுதி. 1951இல் அது மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. ஐரோப்பியப் பீங்கான், கடிகாரங்கள், வெள்ளி. இங்கே ஒரு ரசனை இருக்கிறது, தேர்வு இருக்கிறது, தேர்ந்தெடுத்த ஒரு மனிதன் இருக்கிறான். வால்டர் பெஞ்சமின் தன் புத்தகப் பெட்டிகளைத் திறந்து அடுக்குவது பற்றி 1931இல் எழுதிய கட்டுரையில் வருவதும் இந்த மனிதன்தான். பொருளைப் பயன்பாட்டிலிருந்து விடுவித்து, தனக்கும் அதற்கும் நடுவே ஒரு அந்தரங்க உறவை உண்டாக்கிக்கொள்கிறவன்.

செட்டிநாட்டில் அந்த மனிதனைத் தேடினால் கிடைக்க மாட்டான். அங்கே ஒரு தட்டு தனியாக இருப்பதே இல்லை. பன்னிரண்டு, இருபத்து நாலு, நாற்பத்தெட்டு என்று அடுக்காக இருக்கும். ஒரே அளவு, ஒரே பூ, ஒரே விளிம்பு. சேகரிப்பாளன் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாததைத் தேடுகிறவன். இங்கேயோ ஒன்றைப் போல் இன்னொன்று இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுக்கு குறைந்துவிடும். காரணம், இவை சீராக வந்தவை. கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்த சாமான். அதற்கு ஒரு சிட்டை உண்டு. வெள்ளி இத்தனை, பித்தளை இத்தனை, வெண்கலம் இத்தனை, எனாமல் இத்தனை, பீங்கான் இத்தனை. சாமானைப் பரப்பி வைப்பார்கள், உறவுக்காரர்கள் பார்ப்பார்கள், எண்ணிக்கை சரிபார்க்கப்படும்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் இவ்வளவு பாத்திரம் எதற்கு என்று கேட்கலாம். இதில் வெறும் ஆடம்பரத்தைப் பார்க்கிறவர்கள் நகரத்தார் குடும்ப அமைப்பைக் கவனிப்பதில்லை. அங்கே கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. கல்யாணம் ஆனதும் அந்த ஜோடியை ‘வேறு வைத்து’விடுவார்கள். அதே வீடு, அதே வளவு. ஆனால் அடுப்பு தனி, கணக்கு தனி. அப்பனும் மகனும் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டே தனித்தனியாகச் செலவெழுதும் அமைப்பு அது. ஆகவே ஒவ்வொரு மருமகளும் ஒரு முழுக் குடும்பத்துக்கான தட்டுமுட்டுச் சாமான்களோடு வர வேண்டியிருந்தது. பிறகு அந்தத் தேவையின் மேல் அந்தஸ்து ஏறிக்கொண்டது. மூத்தவளுக்கு வந்தது இளையவளுக்குக் குறையக்கூடாது, பங்காளி வீட்டுக்கு வந்தது நம் வீட்டுக்குக் குறையக்கூடாது.

1899இல் வெப்ளென் சொன்ன பகட்டு நுகர்வு என்று இதை முடித்துவிடலாம்தான். ஆனால் பகட்டுக்காக வாங்கிய பொருள் எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டுமல்லவா? இவை வருஷம் முழுக்கப் பூட்டிய அறைக்குள் கிடந்தன. அடுத்த கல்யாணத்துக்குத்தான் கதவு திறக்கும். பந்தி நடந்தது வாழையிலையில். ஒரு முதிய ஆச்சியிடம், “இந்தத் தட்டில் யாராவது சாப்பிட்டதுண்டா?” என்று கேட்டேன். “அதுலயா? அது எண்ணி வைக்கிறதுக்கு தம்பி” என்றார். மார்சல் மோஸ் 1925இல் கொடை பற்றி எழுதிய முழு நூலுக்கும் ஒரு வரியில் உரை எழுதியது போல இருந்தது. தட்டின் பயன் உண்பதில் இல்லை. கொடுக்கப்பட்டது என்பதிலும் எண்ணப்பட்டது என்பதிலும்தான் இருக்கிறது.

இதே பொருட்களை வேறு கண்ணால் பார்த்த ஒருவரையும் சொல்லியாக வேண்டும். 1921 செப்டம்பரில் மதுரையில் மேலாடையைத் துறந்த காந்தி, 1927 செப்டம்பரில் செட்டிநாட்டுக்குக் கதர் நிதி திரட்ட வந்தார். வீடுகள் அந்நியச் சாமான்களால் அடைபட்டு மூச்சுத் திணறுவதாகக் கண்டார். இந்த மாளிகைகளை அலங்கரிக்கும் வேலையைத் தன்னிடம் கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு செலவில், காற்றோட்டமாக, இதைவிட அழகாகச் செய்து தருவதாகச் சொன்னார். சுதேசியின் நியாயமும் கொஞ்சம் கேலியும் கலந்த பேச்சு. ஆனால் அவரும் இதை ரசனைப் பிரச்சினையாகவே பார்த்தார். அந்தச் சாமான்கள் அறையில் எதை இட்டு நிரப்பிக்கொண்டிருந்தன என்று கேட்கவில்லை.

3

அகத்திணை இலக்கணத்தில் பொருள்வயிற் பிரிவு என்று ஒன்று உண்டு. பொருள் தேடத் தலைவன் பிரிவது. நெடுநல்வாடை அரசனின் பிரிவு போருக்கானது, அது வேறு வகை. செட்டிநாட்டுப் பிரிவு அசல் பொருள்வயிற் பிரிவு. ‘கொண்டுவிக்கப் போறது’ என்பார்கள். பையன் பதின்வயதில் பெட்டியடிக்குப் போவான். பிறகு அடுத்தாள், மேலாள். ஏஜெண்டாகப் போகிறவனுக்குக் கெடு சாதாரணமாக மூன்று வருஷம். கெடு முடிந்து ஊருக்கு வந்து சில காலம் இருப்பான், திரும்பக் கப்பல். மனைவி ஊரிலேயே இருப்பாள். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், எல்லாவற்றுக்கும் மேலாக ரங்கூனும் ஐராவதிக் கழிமுகமும். போனவர்கள் எல்லோரும் முதலாளிகள் இல்லை. சம்பளத்துக்குக் கணக்கெழுதப் போனவர்களே அதிகம்.

1852 போருக்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் கையில். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசி உலகச் சந்தைக்குப் போகிறது. சதுப்புக் காட்டை வெட்டி வயலாக்கும் பர்மிய விவசாயிக்கு முன்பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கி அவனுக்குக் கடன் தராது. செட்டியார் தருவார். ஐரோப்பிய வங்கி செட்டியாருக்குத் தரும். சங்கிலி இப்படிப் போகிறது. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே செட்டியார் கடைகள் சுமார் 1,650. புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய். டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நகரத்தார் பற்றிய ஆய்வு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறது: இந்த முதல் சாதி, உறவு, கோயில் என்ற வலைக்குள் ஓடிய முதல். பெண்ணுக்குக் கொடுத்த சீதனப் பணமும் வட்டிக்குப் போடப்பட்டு இதே ஓட்டத்தில் கலந்தது. அதாவது பெண்ணின் பணம் பர்மாவுக்குப் போய் வட்டி ஈட்டியது. அந்த வட்டியில் ஒரு பகுதி அவள் மகளின் கல்யாணத்துக்குத் தட்டாகவும் ஜாடியாகவும் திரும்பி வந்தது. நடுவில் கணவன் மூன்று மூன்று வருஷமாகக் காணாமல் போனான்.

வட்டத்தின் மறு விளிம்பில் ஒரு பர்மிய விவசாயி நிற்கிறான். 1930இல் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியவில்லை. நிலங்கள் செட்டியார் பெயருக்கு மாறின. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு 6. பத்தாண்டு முடிவதற்குள் நூற்றுக்கு 25. செட்டியார்கள் நிலத்தை விரும்பிப் பிடுங்கினார்கள் என்று எழுதுவது எளிது. ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது நிலம் அல்ல, புழங்கும் பணம். விற்க முடியாத நிலம் அவர்கள் கழுத்திலும் கட்டப்பட்டது. இதெல்லாம் நிலத்தை இழந்தவனுக்கு ஆறுதலாகுமா? 1930இலும் 1938இலும் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரங்கள் வெடித்தன. 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942இல் ஓட்டம். 1948இல் நிலத் தேசியமயச் சட்டம், 1960களின் தொடக்கத்தில் நெ வின் ஆட்சியில் வங்கிகளும் கடைகளும் தேசியமயம்.

இவ்வளவும் நடந்து முடிந்தபின் ஊரில் மிஞ்சியது வீடு. வீட்டுக்குள் சாமான்.

4

பழம்பொருள் வாங்குகிறவன் முதலில் தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பான். அடியில் முத்திரை இருக்கும். முத்திரை இல்லாவிட்டால் விலை குறையும். இந்த முத்திரைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஜெர்மன் சரக்கு தங்கள் சந்தைக்குள் நுழைவதைக் கண்டு பயந்த ஆங்கிலேயர்கள் 1887இல் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்நியச் சரக்கில் போலியான ஆங்கிலக் குறி இருக்கக்கூடாது, எந்த நாட்டில் செய்தது என்று தெரிய வேண்டும். 1889இல் இந்தியாவுக்கும் இதே வகைச் சட்டம் வந்தது. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்ததும் அதே 1889இல்தான். யவனப் பாவை அச்சேறிய வருஷமும் ஐரோப்பியச் சரக்கு தன் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு வர வேண்டியதான வருஷமும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் யோசிக்க வைக்கும் தற்செயல்.

இங்கிலாந்தில் இளக்காரமாக நினைத்து ஒட்டிய அடையாளம் காரைக்குடியில் பெருமையாகிவிட்டது. ‘ஆஸ்திரியா’ என்று இருந்தால் அது பெரும்பாலும் 1918க்கு முந்தியது. ‘செக்கோஸ்லோவேகியா’ என்றால் அதற்குப் பிந்தியது, ஏனென்றால் அந்த நாடே 1918இல்தான் பிறந்தது. 1993இல் அது இரண்டாகப் பிரிந்தும் போனது. கண்டனூரிலோ கோனாபட்டிலோ ஒரு பூட்டிய அறையில் இல்லாத ஒரு நாட்டின் பெயர் தட்டுக்கடியில் இருந்துகொண்டிருக்கிறது. இன்னொரு விசித்திரம்: இந்த எனாமல் பாத்திரம் ஐரோப்பாவில் மலிவுச் சரக்கு. சாமானியர் வீட்டு அடுப்படிக்கென்று ஆலையில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளியது. கடல் கடந்ததும் அது வர்க்கம் மாறிச் சீர்வரிசையில் உட்கார்ந்துவிட்டது. பொருளின் மதிப்பு பொருளுக்குள் இல்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

போக்குவரத்து ஒருவழியாக மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் 1849இல் தொடங்கிய பி.ஆர் அண்ட் சன்ஸ், ஐரோப்பியத் தேநீர்க் குடுவை வடிவத்தில் நம் கோயில் சாமிகளைப் புடைத்தெடுத்த வெள்ளிச் சாமான்களைச் செய்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றது. ‘சாமி வெள்ளி’ என்றே அதற்குப் பெயர். அந்தப் பக்கம் ஜெர்மனியிலோ நம் சந்தைக்கென்று பீங்கானில் கிருஷ்ணரையும் லட்சுமியையும் வார்த்து அனுப்பினார்கள். அவர்கள் குடுவையில் நம் சாமி, நம் கொலுவில் அவர்கள் பீங்கான். எது சுதேசி, எது அந்நியம்?

சொற்களும் இதைத்தான் காட்டுகின்றன. பீங்கான் பாரசீகத் தொடர்புள்ள சொல். மலாய் மொழியில் ‘பிங்கான் மங்குக்’ என்றால் தட்டும் கிண்ணமும். நம் ஊரில் பழைய ஆட்கள் பீங்கான் தட்டை ‘மங்கு’ என்று சொல்வதை இதோடு வைத்துப் பார்க்கலாம். கோப்பை, அலமாரி, மேஜை எல்லாம் போர்ச்சுக்கீசியர் வழி வந்தவை. ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். எவர்சில்வரிலும் வெள்ளி கிடையாது, அது துருப்பிடிக்காத இரும்பு. இந்த எவர்சில்வர் சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு அடுப்படிகளைப் பிடித்தபோது பித்தளையும் வெண்கலமும் எடைக்குப் போயின. அசல் வெள்ளியின் கதியும் அதுதான். கஷ்டம் வந்தால் முதலில் வெளியேறுவது வெள்ளி. எடை போட்டு உருக்கிவிடுவார்கள், எந்த ஊர்த் தட்டானுடைய கைவேலை என்று யாரும் பார்ப்பதில்லை. எனாமலையும் பீங்கானையும் உருக்க முடியாது, விற்கவும் முடியாது. விலையில்லாமல் இருந்ததால் மிஞ்சின. மிஞ்சியதால் பின்னால் விலை பெற்றன. நாம் இன்று பழமை என்று கொண்டாடுவது பல நேரம் எடைக்கு எடுக்காமல் ஒதுக்கப்பட்டதைத்தான்.

முத்திரை அடியில் இருந்தால் பக்கவாட்டில் இன்னொரு எழுத்து இருக்கும். பித்தளை, வெள்ளி, எவர்சில்வரில் வெட்டிய பெயர், தலைப்பெழுத்துகள். அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பாண்டியனின் அடையாளமான வேம்பு வந்துவிட்டதால்தான் நெடுநல்வாடை புறமாகக் கொள்ளப்பட்டது. வீட்டுச் சாமானிலும் இதே நியாயம் இருக்கிறது. அடுப்படிக்குள் இருக்கும்வரை அது அகம். அதன் மேல் வெட்டிய பெயரையும் அடியில் குத்திய நாட்டையும் படிக்கத் தொடங்கினால் அது புறமாகிவிடும். பர்மா உள்ளே வந்துவிடும்.

5

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பங்காளிகள் பல ஊர்களில், பல நாடுகளில். வீட்டைப் பராமரிக்க ஆளில்லை. பாகப்பிரிவினை ஆகிறது. தூண் தனியாக, கதவு தனியாக, தட்டு தனியாக வருகிறது. “செக்கோஸ்லோவேகியா சரக்கு சார், இனிமே வராது” என்கிறார் கடைக்காரர். உண்மைதான். இருபத்து நாலாக இருந்த அடுக்கிலிருந்து இரண்டை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். அந்த நிமிஷத்தில் தட்டு அபூர்வப் பொருளாகிவிடுகிறது. கூட்டமாக இருந்தபோது அதற்கு இல்லாத தனித்தன்மை, கூட்டம் கலைந்ததும் வந்துவிடுகிறது.

சட்டமும் இதில் ஒரு கை கொடுக்கிறது. தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972, நூறு ஆண்டுக்குக் குறையாமல் பழமையானதையே தொல்பொருள் என்கிறது. கையெழுத்துப் படிகளுக்கு மட்டும் 75 ஆண்டு. 1920களில் கப்பலில் வந்து இறங்கிய பாத்திரங்கள் இப்போதுதான் அந்த வயதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால் சட்டத்தின் கண்ணில் இருப்பது பொருள். அது யாருக்கு, யாரால், எந்தக் கணக்கில் கொடுக்கப்பட்டது என்பது அந்த வரையறைக்குள் வராது.

இடிபடாமல் தப்பிய வீடுகளில் சில விடுதிகளாகியிருக்கின்றன. கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ் போல. 1996இல் திறந்த முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. இவை இல்லாவிட்டால் மரமும் கல்லும்கூட மிஞ்சியிருக்காது, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் விடுதி முகப்பில் நடந்து பார்க்கும் பயணிக்குச் சொல்லப்படுவது அழகின் கதை மட்டும்தான். ‘உலகம் முழுக்கச் சென்று திரட்டிய கலைப்பொருட்கள்’ என்று ஒரு வாக்கியம். அதில் சென்றவன் இருக்கிறான், திரட்டியது இருக்கிறது. காத்திருந்தவள் இல்லை, கடன்பட்டவன் இல்லை. மேலே சாலார் ஜங்கில் பார்த்த சேகரிப்பாளன் என்ற மனிதனை, அவன் என்றுமே இல்லாத வீட்டுக்குள் இப்போது கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். பாரம்பரியம் என்ற சொல்லாடலின் வேலையே இதுதான் என்று தோன்றுகிறது. உறவுகளைக் கழித்துவிட்டுப் பொருளை நிறுத்துவது.

இதற்கு மாற்றாகப் பொருட்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அவற்றோடு கூடவே இருந்த காகிதத்தைக் கேட்கிறேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எழுதிய சாமான் சிட்டை ஒரு பெண்ணின் சொத்துப் பட்டியல். குடும்பக் கணக்குகளில் பெண்ணின் பெயர் தலைப்பில் வரும் இடம் அனேகமாக அது ஒன்றுதான். அதே அலமாரியில் பர்மாக் கடையின் பேரேடும் ஐந்தொகையும் இருக்கும். அவற்றில் ஐராவதிக் கரை ஊர்களின் பெயர்கள், கடன் வாங்கியவர்களின் பெயர்கள், வட்டி, பாக்கி எல்லாம் வரும். இந்த இரண்டு காகிதங்களையும் தட்டின் அடி முத்திரையோடு சேர்த்துப் படித்தால்தான், ஒரு எனாமல் தட்டு பொஹிமியாவிலிருந்து புறப்பட்டுக் கோனாபட்டு அறைக்குள் வந்து சேர என்னென்ன நடக்க வேண்டியிருந்தது என்று தெரியும்.

வீடு பிரியும்போது தட்டு கடைக்குப் போகிறது. சிட்டையும் பேரேடும் பழைய பேப்பர்காரனிடம் போகின்றன, ஏனென்றால் அவற்றுக்கு விலை இல்லை. விலையில்லாமல் கிடந்த எனாமல் பிழைத்தது போல காகிதம் பிழைக்காது, கரையான் காத்திருக்காது. தட்டுகளைச் சேகரிக்க இன்று போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். சிட்டைகளைச் சேகரிக்க மதுரையிலும் காரைக்குடியிலும் தமிழும் வரலாறும் படித்து வெளியே வருகிற நாலு பேர் போதும். அவர்கள் இப்போதே கிளம்பினால் நல்லது.